மழைத்துளியும் மின்புலமும்

புணே நகருக்குப் புதிதாக வந்து குடியேறும் தமிழர்கள் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது வழக்கம். சிவாஜிநகரில் உள்ள ஒரு கட்டடத்தையும் அதனருகே உள்ள நாற்சந்தியையும் ஊரார் 'சிம்லா ஆபீஸ்' என்கின்றனரே, இமயமலைச் சாரலில் உள்ள சிம்லாவுக்கும் தக்காணப் பீடபூமியில் உள்ள இவ்வூருக்கும் என்ன உறவு என்பதே அக்கேள்வி. விடை எளிது. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் முன்னர் சிம்லாவில் இருந்தது. 1928-ஆம் ஆண்டில் அது இங்கே மாற்றப்பட்டது. பின்னர் 1944-இல் அது தில்லிக்குச் சென்றுவிட்ட போதிலும், புறப்பட்டு வந்த ஊரின் பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

சிம்லாவிலிருந்து மூட்டை கட்டி வந்தவை கோப்புகள் மட்டும் அல்ல. ஓர் ஆராய்ச்சிக் கேள்வியும் உடன் வந்தது. 1906-இல் அத்துறையில் சேர்ந்த ஜார்ஜ் சிம்ப்சன் என்னும் ஆங்கிலேயர், சிம்லாவில் பெய்த மழையைக் கலத்தில் ஏந்தி, அது கொண்டு வரும் மின்னூட்டத்தை அளந்தார். நேர் மின்னூட்டமே எதிர் மின்னூட்டத்தைக் காட்டிலும் மிகுதியாக இறங்குவதைக் கண்டு, 1909-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வானத்திலிருந்து விழும் துளி வெறும் நீர் அன்று, மின்சாரத்தையும் சுமந்து வருகிறது என்பது அதனால் உறுதிப்பட்டது. அந்த மின்சாரம் துளிக்குள் எவ்வாறு இருக்கிறது, துளியைச் சுற்றி என்ன செய்கிறது என்பதையே இங்கே விளக்க முயல்கிறேன்.

பௌதிகம் கற்றவன் அல்லன் நான். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசுப் பணியில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். இப்பொருளில் நான் புகுந்ததற்குக் காரணம் என்னுடைய பிழையொன்றே. சித்திரை, வைகாசி மாதங்களில் இவ்வூரில் பிற்பகலில் திடீரெனக் கருத்து இடித்துப் பெய்யும் மழையை மராட்டியர் 'வளீவ்' என்பர். நம் ஊர்க் கோடை மழையின் உடன்பிறப்பு அது. அம்மழைக்காலத்தில் மின்னலினின்று தப்பும் வழிகளைக் கூறும் சிறு பிரசுரம் ஒன்று தமிழ்த் தொழிலாளர்களுக்காக என் மேசைக்கு வந்தது. அதில் ரப்பர், கண்ணாடி, உலர்ந்த மரம் போன்றவற்றைக் குறித்து வந்த ஒரு கலைச்சொல்லை 'மின்சாரம் தீண்டாப் பொருள்கள்' என்று பெயர்த்து வைத்தேன். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது.

எங்கள் அடுத்த வீட்டில் பாளையங்கோட்டைப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பௌதிக ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, மகனுடன் வசிக்க இங்கே வந்தவர். அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கும்படி கொடுத்தேன். அந்த வரியில் விரலை வைத்தபடியே நெடுநேரம் இருந்தார்.

"தம்பி, இந்தச் சொல்லை நம்பி ஒருவன் ரப்பர்ச் செருப்போடு மரத்தடியில் போய் நிற்பான். செத்தும் போவான்" என்றார்.

"கடத்தாத பொருள்தானே, ஐயா?" என்றேன்.

"கடத்தாது. ஆனால் தீண்டப்படாமல் இராது. இரண்டும் வேறு" என்றார் அவர். அன்று மாலை தொடங்கிய பாடம் நான்கு மாலைகள் நீடித்தது.

முதலில் 'மின்புலம்' என்பது யாது எனக் காண்போம். மின்னூட்டம் பெற்ற ஒரு பொருளைச் சுற்றியுள்ள இடத்தில் வேறொரு மின்னூட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால், அதன்மேல் ஒரு விசை செயற்படும். அவ்விசை எங்கெங்கே எவ்வளவு, எத்திசையில் செயற்படும் என்பதன் முழு வரைபடமே மின்புலம். புலம் என்றால் நமக்கு வயல் என்றும் பொருள். ஆங்கிலத்திலும் வயலுக்கும் இதற்கும் ஒரே சொல்தான். இந்தியில் 'க்ஷேத்திரம்' என்கின்றனர். மூன்று மொழிகளும் ஒரே உருவகத்தில் வந்து கூடியிருப்பது மொழிபெயர்ப்பாளனுக்கு அரிதாக வாய்க்கும் நிம்மதி. இப்புலத்தின் வலிமையை, ஒரு மீட்டர் தொலைவுக்கு இத்தனை வோல்ட் என்று அளப்பர். வானம் தெளிந்திருக்கும் நாளிலும் நாம் நிற்கும் தரைக்குமேல் மீட்டருக்கு 100 வோல்ட் அளவில் ஒரு புலம் எப்போதும் உண்டு. இடிமேகம் தலைக்குமேல் வரும்போது அது பல ஆயிரமாக ஏறிவிடும்.

இனி உருண்டைக்கு வருவோம். மின்னூட்டம் பெற்ற கடத்தா உருண்டைகளில் வரலாற்றுப் புகழ் பெற்றது ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத் தலைவராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக் செய்த கந்தக உருண்டை. உருக்கிய கந்தகத்தைக் கண்ணாடிக் கோளத்தில் ஊற்றி, ஆறியபின் கண்ணாடியை உடைத்தெடுத்து, அச்சில் மாட்டிச் சுழற்றிக் கையால் தேய்த்தார் அவர். இறகுகள் அதனால் ஈர்க்கப்பட்டும், பின் விலக்கப்பட்டும் மிதந்தன. 1672-இல் வெளியான தம் நூலில் இதனை விவரித்துள்ளார்.

அத்தகைய கந்தக உருண்டை ஒன்றில் மின்னூட்டம் மேற்பரப்பில் மட்டுமின்றி, பூந்தி லட்டில் கற்கண்டு கலந்திருப்பது போல உள்ளெங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதாகக் கொள்வோம். அதற்கு வெளியே புலம் எவ்வளவு? இதற்கு விடை வியப்பளிக்கும் அளவுக்கு எளியது. உருண்டையின் மொத்த மின்னூட்டமும் அதன் மையப் புள்ளியில் குவிந்திருந்தால் எப்படியோ, அப்படியே. தொலைவு இரு மடங்கானால் புலம் நான்கில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். உருண்டை கந்தகமாயினும் கண்ணாடியாயினும் வெளியே வேறுபாடு தோன்றாது.

உள்ளே நிலைமை வேறு. உருண்டையை வெங்காயம் போல அடுக்கடுக்கான தோல்களாக எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே ஓரிடத்தில் நாம் நிற்பதாகக் கொண்டால், நமக்கு வெளிப்புறமாக உள்ள தோல்கள் நம்மை எல்லாப் பக்கங்களிலிருந்தும் தள்ளுகின்றன. அருகே உள்ள சிறு பகுதியின் தள்ளுதலை எதிர்ப்புறத்தில் தொலைவாக உள்ள பெரும்பகுதியின் தள்ளுதல் சரியாக ஈடு செய்துவிடுகிறது. எனவே வெளித்தோல்கள் இருந்தும் இல்லாதனவே. நமக்கு உட்புறமாக உள்ள சிற்றுருண்டை மட்டுமே கணக்கில் வரும். மையத்தை நெருங்க நெருங்க அச்சிற்றுருண்டை சிறுத்துக்கொண்டே போகிறது. ஆகவே மையத்தில் புலம் சுழியம். அங்கிருந்து விளிம்பை நோக்கி நடந்தால், நடந்த தொலைவுக்கு நேர் விகிதத்தில் அது வளர்கிறது.

இவ்வளவும் காஸ் என்னும் கணித மேதையின் பெயரால் வழங்கும் விதியிலிருந்து பெறப்படுவது. உருண்டை எப்பொருளால் ஆனது என்ற கேள்வி இதுவரை எழவில்லை. அது எழும் இடம் இனித்தான்.

கந்தகத்தின் அணுக்களில் உள்ள எலெக்ட்ரான்கள் உலோகத்தில் உள்ளவை போல ஊர் சுற்றித் திரிய இயலாது. அவை வீட்டுக்காவலில் இருப்பவை. ஆனால் வீட்டுக்காவலில் இருப்பவனும் தெருவில் ஆரவாரம் கேட்டால் சன்னலுக்கு வருவான் அல்லவா? புலம் ஒன்று செயற்படும்போது ஒவ்வோர் அணுவிலும் எதிர் மின்னூட்டம் ஒரு பக்கமும் நேர் மின்னூட்டம் மறுபக்கமும் மிகச் சிறிதளவு விலகுகின்றன. இதனை முனைவாக்கம் என்பர். நேர் மின்னூட்டம் ஏற்றிய நம் உருண்டையில் இவ்விலகலின் விளைவாக, உட்பகுதியில் கொஞ்சம் எதிர் மின்னூட்டம் தங்கி, மேற்பரப்பில் அதே அளவு நேர் மின்னூட்டம் வந்து படிகிறது. உட்பகுதியில் தங்கியது மூல மின்னூட்டத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால் உள்ளே புலம் குறைகிறது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கோ கூட்டலும் கழித்தலும் ஒத்துப்போய்விடுவதால் ஒன்றுமே நிகழாதது போலத் தோன்றுகிறது.

எத்தனை மடங்கு குறைகிறது என்பதைச் சொல்லும் எண்ணே அப்பொருளின் மின்காப்பு மாறிலி. கந்தகத்துக்கு அது ஏறக்குறைய 4. தூய நீருக்கு அறை வெப்பத்தில் ஏறக்குறைய 80. ஆகவே கந்தக உருண்டையின் விளிம்புக்குச் சற்று உள்ளே உள்ள புலம், சற்று வெளியே உள்ளதில் நான்கில் ஒரு பங்கு. இம்மாறிலியை முதன்முதல் முறையாக அளந்தவர்களுள் மைக்கேல் ஃபாரடே தலையாயவர். 1837-இல் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு பித்தளைக் கோளங்களுக்கு இடையே அரக்கு, கந்தகம், கண்ணாடி ஆகியவற்றை வைத்து அவர் சோதித்தார். இப்பொருள்களுக்கு ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் பெயரை அமைக்க அவருக்குத் துணை நின்றவர் வில்லியம் ஹியூவெல் என்னும் அறிஞர். மின்விசை எதனூடே செல்கிறதோ அது என்பதே அப்பெயரின் உட்கருத்து. தடுப்பது என்ற கருத்து அதில் இல்லை! அதை நான் முன்பே அறிந்திருந்தால் என் பிழை நேர்ந்திராது.

இதுவரை உருண்டை தானே சுமக்கும் மின்னூட்டத்தைப் பற்றிப் பேசினோம். இடிமேகத்தில் இதனினும் முக்கியமான நிலை ஒன்று உண்டு. மேகம் முழுவதிலும் பரவிய பெரிய புலம் ஒன்றனுள் ஓர் உருண்டை போய் அகப்பட்டால் என்ன ஆகும்? உருண்டைக்குச் சொந்த மின்னூட்டம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

புலம் மேலிருந்து கீழ்நோக்கி இருக்கட்டும். உருண்டையின் அணுக்கள் யாவும் அத்திசையில் விலகி நிற்கும். கீழ்ப்புறத்தில் நேர் மின்னூட்டமும் மேற்புறத்தில் எதிர் மின்னூட்டமும் தொப்பி கவிழ்த்தாற்போலப் படியும். இவ்விரு தொப்பிகளும் உருண்டைக்குள் உண்டாக்கும் புலம், வெளிப்புலத்துக்கு நேர் எதிரானது. அதனால் உள்ளே புலம் குறைகிறது. வியப்பு என்னவெனில், உள்ளே எந்த மூலையில் அளந்தாலும் அக்குறைந்த புலம் ஒரே அளவாக, ஒரே திசையில் இருக்கும். உருண்டை வடிவத்துக்கு உரிய பெருந்தன்மை இது. கனசதுரக் கட்டிக்கு இது வாய்ப்பதில்லை.

கணக்கின் முடிவை மட்டும் கூறுகிறேன். மாறிலியோடு 2-ஐக் கூட்டி, அத்தொகையால் 3-ஐ வகுத்தால், உள்ளே உள்ள புலம் வெளிப்புலத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். கந்தகத்துக்கு 4-உம் 2-உம் 6, எனவே சரிபாதி. நீருக்கு 82-இல் 3. ஏறக்குறைய 27-இல் ஒரு பங்கு. ஆயின் குறைந்த புலம் எங்கே போயிற்று? உருண்டையின் இரு முனைகளுக்கு வெளியே போய்க் குவிந்துவிட்டது. முனைகளில் புலம் உள்ளே இருப்பதைப் போல மாறிலி மடங்கு இருக்கும். கந்தகத்தின் முனையில் அது வெளிப்புலத்தைப் போல 2 மடங்கு. நீர்த்துளியின் முனையில் சற்றேறக்குறைய 2.93 மடங்கு. உருண்டையின் இடுப்பைச் சுற்றியோ புலம் மெலிந்து, உள்ளே உள்ள அளவாகவே நிற்கும்.

பெரியவர் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை எடுத்துக் காட்டினார். மாறிலி எத்துணைப் பெரிதாயினும், ஏன், உருண்டை முழு உலோகமே ஆயினும், முனையில் புலம் 3 மடங்குக்கு மேல் ஏறாது. உருண்டை வடிவம் விதிக்கும் உச்சவரம்பு அது. மழைநீர் சுத்தமான கடத்தாப் பொருளும் அன்று. கரைந்த உப்புகளால் அது சிறிது கடத்தும். ஆகையால் துளியின் மின்னூட்டம் கண்ணிமைப்பதற்குள் மேற்பரப்புக்கு வந்துவிடும். ஆனால் முனையைப் பொறுத்தவரை 2.93-க்கும் 3-க்கும் என்ன பெரிய வேறுபாடு? துளியைக் கடத்தி என்பதா, கடத்தாப் பொருள் என்பதா என்று வழக்காட வேண்டுவதில்லை.

எண்களால் ஒரு துளியைப் பார்த்துவிடுவோம். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளி ஒன்று 10 பிக்கோகூலும் மின்னூட்டம் பெற்றிருக்கிறது. ஒரு கூலும்பை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிக்கோகூலும். இத்துணைச் சிறிய மின்னூட்டம் துளியின் மேற்பரப்பில் உண்டாக்கும் புலம் மீட்டருக்கு 90,000 வோல்ட். மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 900 வோல்ட். 10 சென்டிமீட்டர் தள்ளினால் வெறும் 9 வோல்ட். துளியின் ஆட்சி அதன் வாசலோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அவ்வாசலில் அது பேரரசு.

மின்னலைப் பற்றிய பெரும்புதிர் இங்கேதான் வந்து சேர்கிறது. கடல்மட்டத்துக் காற்று மின்சாரத்துக்கு வழிவிட்டு உடைவதற்கு மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட் தேவை. மேகத்தின் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதில் பாதி போதும். ஆனால் பலூன்களில் கருவிகளை ஏற்றி இடிமேகத்துக்குள் அளந்தபோது, பெரும்பாலும் ஒன்றிரண்டு லட்சமும், மிக அரிதாக நான்கு லட்சமுமே காணப்பட்டன. பத்தில் ஒரு பங்கு வலிமையோடு மின்னல் எவ்வாறு பிறக்கிறது?

துளியின் முனையில் 3 மடங்கு என்பது முதல் உதவி. ஆனால் அது மட்டும் போதாது. இரண்டு லட்சம் ஆறு லட்சம் ஆகுமேயன்றிப் பதினைந்து ஆகாது. ஆயினும் நீர்த்துளி கல்லுருண்டை அன்று. முனைகளில் குவிந்த புலம் துளியை இருபுறமும் இழுக்கிறது. பரப்பு இழுவிசை அதனைத் திரட்டிப் பிடிக்கிறது. புலம் வலுத்தால் துளி முட்டை வடிவாக நீளும். நீண்டால் முனை கூர்மையாகும். கூர்மையானால் 3 மடங்கு என்ற வரம்பு தகர்ந்து, அங்கே புலம் மேலும் ஏறும். ஏறினால் மேலும் நீளும். ஒரு கட்டத்துக்குப்பின் துளியின் முனை கூம்பாகி, நுண்ணிய நீர்த்தாரையைப் பீச்சிவிடும். ஜெஃப்ரி டெய்லர் 1964-இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய கணக்கின்படி 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளிக்கு இதற்கு வேண்டிய வெளிப்புலம் மீட்டருக்கு ஏறக்குறைய 9 லட்சம் வோல்ட். இரு துளிகள் உரசிச் சென்று, ஒரு கணம் இழையால் பிணைக்கப்பட்டு நின்றால், இன்னும் குறைந்த புலமே போதும். இவ்வாறு ஆங்காங்கே தோன்றும் சிறு ஒளிர்வுகள் ஒன்றுகூடி மின்னலின் முதல் கிளையாகின்றன என்பது ஒரு கொள்கை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் விரைந்தோடும் எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடுவதே தொடக்கம் என்பது மற்றொன்று. வழக்கு இன்னும் தீரவில்லை.

மேகத்துக்கு மின்னூட்டம் வரும் வழியிலும் இந்த உருண்டைக் கணக்குக்குப் பங்குண்டு. கீழ்ப்புறம் நேர் மின்னூட்டம் தூண்டப்பட்ட துளி ஒன்று விழும்போது, கீழே மிதக்கும் நுண்துளி அதன் அடியில் மோதித் தெறித்தால், கொஞ்சம் நேர் மின்னூட்டத்தைத் திருடிக்கொண்டு மேலே போகும். பெரிய துளி எதிர் மின்னூட்டத்தோடு கீழே இறங்கும். இதனால் பழைய புலம் மேலும் வலுப்படும். எல்ஸ்டர், கைட்டல் என்னும் இரு ஜெர்மானியரின் இக்கருத்து நெடுநாள் செல்வாக்குப் பெற்றிருந்தது. துளிகள் உடைவதே காரணம் என்ற சிம்ப்சனின் கருத்தும் அவ்வாறே. இந்நாளில், மென்மையான பனியுருண்டைகளும் பனிப்படிகங்களும் மோதிக்கொள்வதே முதற்காரணம் என்பது பெரும்பாலோர் முடிவு.

சிம்லாவிலிருந்து வந்த கேள்வி புணேயில் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. 1962-இல் இங்கே தொடங்கப்பெற்று, 1971-இல் தன்னாட்சி பெற்ற இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இப்போது பாஷான் பகுதியில் இருக்கிறது. அந்நிறுவனத்தார் செங்குத்தான காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, கீழிருந்து வீசும் காற்றில் ஒரு நீர்த்துளியை விழாமல் மிதக்கவிட்டு, அதன்மேல் வலிய மின்புலத்தைச் செலுத்தி ஆராய்ந்துள்ளனர். விழும் பெருந்துளி, நாம் படம் வரைவது போலக் கண்ணீர்த்துளி வடிவில் இராது. காற்றின் எதிர்ப்பால் அடி தட்டையாகி, பக்கவாட்டில் அகன்று இருக்கும். அதன்மேல் புலம் கிடையாகச் செயற்பட்டால், முன்னமே அகன்ற திசையிலேயே துளி மேலும் இழுபடும். செங்குத்துப் புலம் முதலில் தட்டையை நிமிர்த்தியாக வேண்டும். எனவே புலத்தின் வலிமையை மட்டும் அன்றி, திசையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்நிறுவனமே 2014-இல் மராட்டிய மாநிலத்தில் மின்னல் விழும் இடங்களைக் கண்டறியும் உணர்கருவிகளை நிறுவி, பின்னர் நாடெங்கும் விரிவாக்கியது. 'தாமினி' என்ற கைப்பேசிச் செயலியில் வரும் எச்சரிக்கைக்கு அவையே கண்கள்.

எச்சரிக்கை தேவையா என்று ஐயுறுவோர்க்கு ஒரு கணக்கு. தேசியக் குற்றப் பதிவு ஆவணக் கூடத்தின் அறிக்கைகளின்படி, 2019 முதல் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் நம் நாட்டில் 2,500-க்கு மேற்பட்டோர் மின்னலால் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் வயலில் நின்றவர்; மரத்தடியில் ஒதுங்கியவர்.

நான்காம் மாலை முடிவில் பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, அப்படியானால் ரப்பர்ச் செருப்பு ஒன்றுக்கும் உதவாதா?"

"பல கிலோமீட்டர் காற்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது, தம்பி. காற்றும் கடத்தாப் பொருள்தான். அரை அங்குல ரப்பரைக் கண்டா நின்றுவிடும்?" என்றார்.

மூடிய காருக்குள் இருப்பவர் தப்புவதும் சக்கரத்து ரப்பரால் அன்று. நாற்புறமும் சூழ்ந்த உலோகக் கூடு மின்னோட்டத்தைத் தன் வெளிப்புறமாகவே தரைக்குக் கொண்டுபோய்விடுவதால்தான். உறுதியான வீட்டுக்குள் போக வேண்டும்; அது இல்லையேல் மூடிய வண்டிக்குள். தனிமரத்தடி கூடவே கூடாது. பிரசுரத்தில் இவை தெளிவாகவே இருந்தன. அவற்றைக் கெடுக்கவிருந்தது என் சொல் ஒன்றுதான்.

அச்சொல்லை அடித்தேன். பாடநூல்களில் வழங்கும் 'மின்காப்புப் பொருள்' என்பதை எழுதிப் பார்த்தேன். காப்பு என்றவுடன் காப்பாற்றும் என்றே எளியவர் கொள்வர், அதனையும் அடித்தேன். இந்தியில் 'பராவைத்யுத்' என்கின்றனர். அதைத் தமிழெழுத்தில் எழுதினால் எவர்க்கு விளங்கும்? இறுதியில் 'மின்சாரத்தைக் கடத்தாவிடினும் மின்னலைத் தடுக்க இயலாத பொருள்கள்' என்று எழுதி, பெரியவரிடம் காட்டினேன். நீளமாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார். அச்சகத்தார் அந்தப் பக்கத்தில் ஒரு வரி கூடிவிட்டதென்று முறையிட்டனர். எழுத்தளவைச் சற்றுக் குறைத்து இடம் செய்துகொண்டோம்.